ஈகையும் ஒப்புரவும்

திருக்குறளின் இல்லறவியலிலே ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரமாகவும் ஈகை 23-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் பிறர்க்கு உதவுதலையே பொருளாக உடையன. அங்ஙனமாக, ஆசிரியர் அதனை ஓரதிகாரத்துள் அடக்காது இரண்டாகப் பகுத்தது என்னை என்னும் ஐயம், இவற்றைப் பாடங்கேட்கும் மாணவர்க்கு ஒருகால் எழாமற் போகாது. உரையாசிரியராகிய பரிமேலழகர் இதற்கு விடை தருகின்றார். உலக நடையினை அறிந்து செய்வது ஒப்புரவு. வறியராய் வந்து ஏற்பார்க்குக் கொடுப்பது ஈகை. முன்னையது இம்மையை நோக்கியது, பின்னையது மறுமையை நோக்கியது என்பது அவர் கருத்து. மறுமைப் பயனைக் கருதுகின்றவன் ஏற்பவன் கையிலே ஒரு காசை இட்டுவிட்டுத் தன் வழியே போய்விடலாம். ஒப்புரவு செய்கின்றவனோ அங்ஙனம் போய்விட இயலாது. தான் வாழும் ஊரிலே, தன்னை அறிந்த மக்களின் நடுவிலே, நின்று செய்யவேண்டிய கடன் அது.

இச்சொல்லைக் கிறிஸ்தவ மாணவன் வேறோரிடத்திலும் சந்திக்கின்றான். நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியோர், பகைத்துப் பிரிந்தோர் மீண்டும் ஒன்றாவதைக் குறிக்க வேண்டிய இடத்திலே 'ஒப்புரவாகுதல்' என்னும் சொல்லையே தேர்ந்து ஆண்டனர். கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே, பவுல் அப்போஸ்தலர் தமக்கும் தம்மைப் போன்றார்க்கும் கடவுள் ஒப்புவித்த ஊழியத்தைக் குறிக்கின்ற இடத்தில் நம் மொழிபெயர்ப்பில் வருவது இச்சொல்லே. வள்ளுவர் கருதிய பொருளும் அப்போஸ்தலர் கருதிய பொருளும் முற்றும் ஒன்றே என்று நான் வாதிக்க வரவில்லை. ஆயினும், ஒரு சொல் இரண்டு நூல்களையும் இணைத்து நிற்பது தமிழ்க் கிறிஸ்தவர்க்குக் கிடைத்த பேறு என்றே எண்ணுகின்றேன். கொடுப்பவனும் கொள்பவனும் உயர்ந்தோனும் தாழ்ந்தோனுமாய் எதிரெதிரே நில்லாமல், ஒருவரோடொருவர் ஒப்ப நிற்கும் நிலையே ஒப்புரவு என்று இக்கட்டுரையிலே கொள்வேன்.

இவ்விரண்டு சொற்களையும் அளவுகோலாகக் கொண்டு நம் விசுவாசத்தை ஆராய்ந்தால் ஓருண்மை புலனாகும். ஈகை செய்கின்ற கிறிஸ்தவனை உலகம் புகழும். ஒப்புரவை நாடுகின்ற கிறிஸ்தவனை உலகம் எதிர்க்கும். அவ்வெதிர்ப்பும் புறத்தாரிடமிருந்து எழுவதற்கு முன்னரே, அவனோடு ஒரே ஆலயத்தில் முழங்காற்படியிடுவோரிடமிருந்து எழும். கிரியையற்ற விசுவாசம் உயிரற்றது என்னும் கருத்தை யாக்கோபின் நிருபத்திலே யாவரும் கற்றிருக்கின்றோம். ஆனால், எத்தகைய கிரியை என்று கேட்பார் சிலரே. புகழ் ஒன்றையே ஈட்டித் தருகின்ற கிரியையோடு நின்றுவிடும் விசுவாசம் இன்னும் சோதிக்கப்படாத விசுவாசம் என்பதே என் துணிபு.

இதற்கு முதற்சான்று நம் ஆண்டவரின் வரலாறே. லூக்கா சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலே, இயேசு தாம் வளர்ந்த நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் எழுந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசிக்கின்றார். ஏழைகட்கு நற்செய்தி, சிறைப்பட்டோர்க்கு விடுதலை என்பனவற்றைக் கேட்ட ஊரார் அவருடைய இனிய சொற்களை வியந்து பாராட்டினர். அடுத்து அவர் சாரிபாத்தூர் விதவையையும் சீரியனாகிய நாகமானையும் எடுத்துரைத்தார். அயலார் இருவர் கடவுளின் இரக்கத்தைப் பெற்றனர் என்று கேட்டதும், பாராட்டிய அதே மக்கள் சினங்கொண்டெழுந்து, அவரை மலைச்சரிவின் விளிம்புமட்டும் தள்ளிச் சென்றனர். ஏழைகட்கு இரங்குவதை அவர்கள் வெறுக்கவில்லை. தங்களோடு பிறரை ஒப்ப நிறுத்தியதையே வெறுத்தனர். அவர்கள் ஓய்வுநாள் தவறாது தொழுகின்றவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

பிற்கால வரலாற்றிலிருந்து ஒருவருடைய வாழ்க்கையை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகின்றேன். இங்கிலாந்து தேசத்திலே 1828-ஆம் ஆண்டு பிறந்து 1906-ஆம் ஆண்டு மறைந்த ஜோஸபின் பட்லர் என்னும் அம்மையாரை நம் மாணவர் பலரும் அறியார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். அவரோடு ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட இவ்வம்மையாரைப் பலரும் மறந்தனர். மறந்த காரணமும் நம் பொருளுக்கு உரியதே. நைட்டிங்கேல் அம்மையார் காயமுற்ற போர்வீரர்க்குத் தொண்டு செய்தார். பட்லர் அம்மையார், நல்லோர் எனப்படுவோர் தம் வாயாற் பெயர் கூறவும் கூசிய மகளிர்க்குத் தொண்டு செய்தார்.

அம்மையார் நார்தம்பர்லண்டு நாட்டுப்புறத்திலே செல்வாக்குள்ள குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் ஜான் கிரே அடிமை வாணிகத்தை எதிர்த்து உழைத்தவர். 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய காலத்திலே தலைமை அமைச்சராயிருந்த கிரே பிரபு அவர்க்கு உறவினர். ஜோஸபின் 1852-ஆம் ஆண்டு ஜார்ஜ் பட்லர் என்னும் கல்வியாளரை மணந்தார். அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவும் ஆவார். 1864-ஆம் ஆண்டிலே இக்குடும்பத்துக்கு ஒரு பேரிடி நேர்ந்தது. வெளியே சென்று வீடு திரும்பிய பெற்றோரை வரவேற்க ஓடிவந்த ஐந்து வயதுச் சிறுமி ஈவா, மாடியின் கைப்பிடிச்சுவரினின்றும் தவறி அவர்கள் கண்ணெதிரே விழுந்து இறந்தாள். அத்துயரம் தாயின் நெஞ்சை நெடுங்காலம் அரித்தது.

1866-ஆம் ஆண்டு ஜார்ஜ் பட்லர் லிவர்ப்பூல் கல்லூரியின் தலைவராக, குடும்பம் அத்துறைமுக நகரிற் குடியேறியது. தம் துயரினும் மிக்க துயருடையார் யாவரேனும் உளரோ என்று தேடிப் புறப்பட்ட அம்மையார், பிரௌன்லோ ஹில் என்னுமிடத்திலிருந்த பெரிய ஏழைகள் விடுதியை அடைந்தார். அதன் நிலவறைகளிலே, ஓரிரவு தங்கும் இடத்துக்கும் ஒரு துண்டு ரொட்டிக்குமாகப் பெண்கள் பலர் தரையிலிருந்து பழங்கயிறுகளைப் பிரித்து நாராக்கிக் கொண்டிருந்தனர். கப்பற் பலகைகளின் இடுக்குகளை அடைப்பதற்கு அந்நார் பயன்பட்டது. அதனைப் பிரிக்கும் விரல்களோ புண்பட்டன. அவர்களிற் பலர் தெருவிலே தம்மை விற்று உயிர்வாழ்ந்தோர்; சிலர் சிறையினின்றும் வந்தோர்.

அம்மையார் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. துண்டுத்தாள்களைப் பகிர்ந்துவிட்டு வெளியேறவுமில்லை. அவர்கள் நடுவிலே தரையிலமர்ந்து தாமும் கயிறு பிரிக்கத் தொடங்கினார். பழக்கமற்ற அவர் விரல்களைக் கண்டு அப்பெண்கள் நகைத்தனர். அந்நகைப்பிலே நட்புப் பிறந்தது. பேச்சும், அதன்பின் வேண்டுதலும் தாமே வந்தன. விரைவில் அவர்களுள் நோயுற்ற சிலரைத் தம் வீட்டிற்கே அழைத்துவந்தார். கணவர் மறுத்திலர். மாளும் நிலையிலிருந்தோர் அவ்வீட்டிலே மாண்டனர்; தேறியோர்க்கு ஒரு தங்கும் இல்லமும், பின்னர்க் கடித உறை செய்யும் தொழிற்கூடமும் அமைந்தன. இவற்றுக்குப் பொருளுதவி செய்தோரும் இருந்தனர். இதுவரையில் நடந்தது ஈகை. பெரிய ஈகையே, ஆனால், அதன்பொருட்டு அவர்மேல் ஒருவரும் கல்லெறியவில்லை.

கல்லெறிதல் தொடங்கியது அவர் ஒரு வினாவை எழுப்பியபோது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளிலே 'தொற்றுநோய்ச் சட்டங்கள்' என்று மூன்று சட்டங்களை இயற்றியிருந்தது. தரைப்படை, கப்பற்படை வீரரிடையே மேகநோய் பரவுவதைத் தடுப்பது அவற்றின் நோக்கம் என்றனர். படைகள் தங்கும் ஊர்களிலும் துறைமுகங்களிலுமாக 18 வட்டாரங்களில் அவை நடைமுறைக்கு வந்தன. அங்கே சாதாரண உடையிலே திரியும் காவலர், தாம் ஐயுற்ற எந்தப் பெண்ணையும் பிடித்து, மருத்துவர் முன் நிறுத்தி, உடற்சோதனைக்கு உட்படுத்தலாம். மறுத்தால் சிறை. நோயுளதென்று கண்டால் 'லாக் ஹாஸ்பிடல்' எனப்பட்ட மருத்துவமனையில் அடைத்துவைப்பர். அடைத்துவைக்கும் காலவெல்லை 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று மாதம். 1866-இல் ஆறு மாதம். 1869-இல் ஒன்பது மாதம். பெண்ணிடம் வந்த ஆண்மகனுக்கோ இச்சட்டங்களிற் சோதனையுமில்லை, அடைப்புமில்லை.

பிழை இருவருடையதாக, தண்டம் ஒருவர்க்கே உரியதாவது எங்ஙனம் என்பதே அம்மையாரின் வினா. நடுவர் முன் வழக்காடாமலே, ஒரு காவலனின் ஐயம் ஒன்றைக்கொண்டு ஏழைப் பெண்ணின் உடலையும் விடுதலையையும் அரசு பறிக்கலாமோ என்றும் அவர் வினவினார். பெண்ணைச் சோதித்து, நோயில்லை எனக் கண்டு திருப்பியனுப்பும் அரசு, பாவத்துக்குத் தானே நற்சான்று எழுதிக் கொடுப்பதாகாதோ என்பது அவருடைய மூன்றாம் வினா. இவ்வினாக்களுள் ஒன்றேனும் ஈகையைச் சார்ந்ததன்று. மூன்றும் ஒப்புரவைச் சார்ந்தவை.

1869-ஆம் ஆண்டிலே இவ்வியக்கத்திற்குத் தலைமை தாங்குமாறு அம்மையாரை அழைத்தனர். அவர் உடனே இசைந்துவிடவில்லை. கல்லூரித் தலைவரொருவரின் மனைவி பொதுமேடையேறி இத்தகைய பொருளைப் பேசினால் கணவரின் பதவிக்கும் புதல்வரின் வாழ்வுக்கும் என்ன நேரும் என்பதை நன்கறிந்திருந்தார். மாதக்கணக்கிலே தமக்குள் போராடிய பின்னரே, தம் உள்ளத்தை எழுதிக் கணவர் கையிற் கொடுத்தார். அவரும் சின்னாள் பேசாதிருந்து, பின்பு கடவுள் பெயரால் அவரைப் போகவிட்டார். 1870-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகளிர் சங்கத்தின் மறுப்புரை செய்தித்தாளிலே வெளியாயிற்று. முன்னர்க் குறித்தபடி நைட்டிங்கேல் அம்மையாரும், எழுத்தாளரான ஹாரியெட் மார்ட்டினோ அம்மையாரும் அதிற் கையொப்பமிட்டோருள் அடங்குவர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கருதுக. 1870-ஆம் ஆண்டு கோல்செஸ்டர் ஊரில் நடந்த இடைத்தேர்தலிலே, இச்சட்டங்களை ஆதரித்த ஸர் ஹென்றி ஸ்டோர்க்ஸ் என்பவர் லிபரல் கட்சி வேட்பாளராய் நின்றார். அம்மையாரின் குடும்பம் சார்ந்திருந்த அரசியல் மரபும் அதுவே. ஆயினும், அவர் அங்கே சென்று எதிர்த்துப் பேசினார். கலகக் கூட்டமொன்று அவர் தங்கிய விடுதியைச் சூழ்ந்தது. விடுதிக்காரர் அஞ்சி அவரை வெளியேறும்படி வேண்டினார். அம்மையார் தொழிலாளர் குடும்பமொன்றிலே அடைக்கலம் பெற்றார். அத்தேர்தலில் ஸ்டோர்க்ஸ் தோல்வியுற்றார். 1872-ஆம் ஆண்டு பாண்டிபிராக்ட் ஊரின் இடைத்தேர்தல், இரகசிய வாக்குச்சீட்டு முறையிலே நடைபெற்ற முதலாவது பிரிட்டிஷ் பார்லிமெண்டுத் தேர்தல் என்று வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அங்கே மகளிர் கூட்டத்துக்கு ஒருவரும் மண்டபம் தரவில்லை. ஏணிவழியாக ஏறவேண்டிய வைக்கோற் பரணொன்றிலே அம்மையார் பேசிக்கொண்டிருக்க, கீழே வைக்கோற் கட்டுகளுக்குத் தீயிட்டனர். புகை மேலேறியது, முரடர் பரணிலும் புகுந்தனர். அம்மையாரும் உடனிருந்தோரும் அரிதின் உயிர்தப்பினர்.

முரடரின் செயலினும் கொடியது கற்றோரின் செயல். நண்பர் பலர் அக்குடும்பத்தோடு பழகுவதை விட்டொழித்தனர். செய்தித்தாள்கள் வசைபாடின, பின்னர், வசையினும் வலிய படையாகிய மௌனத்தை மேற்கொண்டன. திருச்சபையின் குருமாரிற் பலர் இச்சட்டங்களை ஆதரித்தனர். எதிர்த்தோரிற் பலர் வாய் திறந்திலர். நாட்டிங்ஹாம் நகரிற் கூடிய திருச்சபை மாநாட்டிலே ஜார்ஜ் பட்லர் இப்பொருள்பற்றி வாசிக்க எழுந்தபோது, கூடியிருந்தோர் கூச்சலிட்டு அவரைப் பேசவொட்டாது தடுத்தனர். தீயிட்டோர் குடியரும் கூலிக்கு வந்தோருமாயிருக்கலாம். கூச்சலிட்டோர் திருச்சபையின் மாநாட்டிலே அமர்ந்திருந்தோர். நாசரேத்தூர் ஜெப ஆலயம் நாட்டிங்ஹாமிலும் இருந்தது.

அம்மையார் பதினேழு ஆண்டுகள் உழைத்தார். 1883-ஆம் ஆண்டு இவ்வழக்குப் பார்லிமெண்டில் வந்தபோது, அதனருகே ஒரு மண்டபத்திலே சீமாட்டியரும் லண்டன் தெருக்களின் ஏழைப் பெண்களும் ஒருங்கே முழங்காலிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு அச்சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1886-ஆம் ஆண்டு முற்றும் நீக்கப்பட்டன. அம்மண்டபத்திலே கண்ட காட்சியை நான் பார்லிமெண்டின் முடிவினும் பெரிதாக மதிப்பேன். ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் கொள்பவராகவும் இல்லாமல், இருவரும் ஒரே விண்ணப்பத்தை ஒரே தரையிலிருந்து ஏறெடுத்தனர். அதுவன்றோ ஒப்புரவு!

இது நமக்குச் சேய்மையிலுள்ள கதையன்று. இதே வகைச் சட்டம் 1868-ஆம் ஆண்டிலே இந்திய நாட்டிலும் இயற்றப்பட்டது. 'லாக் ஹாஸ்பிடல்'கள் சென்னை மாகாணத்திலும் இருந்தன. இந்தியப் பெண்களின் பொருட்டும் பட்லர் அம்மையார் எழுதியும் பேசியும் வந்தார். 1888-ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய பின்னரும் இராணுவக் குடியிருப்புகளில் அவ்வழக்கம் மறைவாகத் தொடர்கிறது என்று எலிஸபெத் ஆண்ட்ரூ, காதரின் புஷ்னல் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவ மாதர் இருவர் நேரிற் கண்டு, 1893-ஆம் ஆண்டிலே விசாரணைக் குழுவின் முன் சான்று கூறினர். இந்தியப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு முதலில் மறுத்தார். உண்மை வெளிப்பட்டபின் மன்னிப்புக் கேட்டார். ஏசுவின் பெயரைச் சூடிய ஓர் அரசு செய்த தீமையை ஏசுவின் அடியாரே எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

அம்மையாரின் வாழ்விலே மற்றொரு பாடமும் உண்டு. சட்டம் நீங்கிய காலத்திலே, ஒழுக்கத்தைக் காக்க வந்தோம் என்று சில சங்கங்கள் எழுந்தன. இவை காவலரின் துணைகொண்டு ஏழைப் பெண்களைத் துரத்தத் தொடங்கின. அவற்றிலே அம்மையாரோடு முன்னர் உழைத்தோரும் இருந்தனர். வலுக்கட்டாயத்தால் மக்களை நல்லோராக்க முயல்வோரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று அவர் வெளிப்படையாகவே உரைத்தார். பகைவரை எதிர்ப்பது அரிது. வெற்றிபெற்ற நாளிலே தன் கட்சியாரை எதிர்ப்பது அதனினும் அரிது. அவர் பெண்களின் சார்பில் நின்றாரேயன்றி ஒரு கட்சியின் சார்பில் நிற்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இங்கே ஒரு தடை எழக்கூடும். எதிர்ப்பையே விசுவாசத்தின் அடையாளமாகக் கொண்டால், வீண் சண்டையை விலைகொடுத்து வாங்குவோரெல்லாம் பரிசுத்தராய்விடுவரே என்று வினவலாம். தக்க வினாவே. எதிர்ப்பைத் தேடிச் செல்பவன் தன்னையே தேடுகின்றான். அவனுக்குப் பிறர் துயரம் ஏறிநிற்கும் மேடை மட்டுமே. பட்லர் அம்மையார் கயிறு பிரித்தது 1866-இல். மேடையேறியது அதற்குச் சில ஆண்டுகள் பின்னர். தரையிலமர்ந்த நாட்களிலேதான் மேடையிற் பேசவேண்டியதை அப்பெண்களின் வாயினின்றும் கற்றார். ஆகவே ஈகை இழிந்ததென்று நான் கூறவில்லை. ஈகையின் வழியே சென்றவனுக்கே ஒப்புரவின் வாயில் தென்படும். வாயிலைக் கண்டபின்னும் உள்ளே நுழையாது திரும்புவதே குற்றம்.

மற்றொரு தடை, 'இவற்றிலெல்லாம் தலையிட்டால் சபையின் ஒற்றுமை குலையும்' என்பது. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் நல்லெண்ணமுடையோரே. ஆனால், ஒருசாரார் பேசுவதும் மற்றொருசாரார் வாய்பொத்தி நிற்பதுமாகிய அமைதியை ஒற்றுமை என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் தீங்கு. குலைவதற்கு முன்னர் ஒற்றுமை ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ?

நமது நிலைக்கு வருவோம். நான் அறிந்த சபையொன்றிலே, கிறிஸ்து பிறப்பு நாளிலே துப்புரவுப் பணியாளர் குடியிருக்கும் தெருவுக்கு வாலிபர் சங்கத்தார் துணிகளும் பலகாரங்களும் கொண்டுசெல்வது வழக்கம். அத்தெருவாரும் அச்சபையின் அங்கத்தினரே. மூப்பர் அனைவரும் அச்செயலைப் போற்றினர். ஆண்டறிக்கையிலும் அது பதிவாயிற்று. பின்னர் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம் வந்தது. அசனம் என்பது யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணும் விருந்து என்பதை நம் மாணவர் அறிவர். அத்தெருவிலுள்ள இளைஞரும் இவ்வாண்டு சமைக்கவும் பரிமாறவும் சேர்ந்துகொள்ளட்டும் என்று வாலிபர் சிலர் கேட்டனர். முன்பு போற்றிய மூப்பருட் சிலர் முகம் மாறினர். பந்தியில் அவர்கள் அமர்வதற்குத் தடையில்லை. பரிமாறுவது மாத்திரம் வழக்கமில்லை என்று விடைவந்தது. கேட்டவர்கள் குழப்பம் விளைப்போர் என்று பெயரெடுத்தனர். அவ்வாண்டு அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை.

அவர்கள் கையினின்றும் உண்ண மாட்டோம், அவர்கள் கைக்கு நாம் கொடுப்போம் என்னும் இதனினும் தெளிவாக ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேற்றுமையை எந்த உரையாசிரியர் விளக்க வல்லார்? கொடுக்கும் கை மேலே இருக்கும்வரை ஒருவர்க்கும் வருத்தமில்லை. பெற்றுவந்த கை ஒருநாள் அகப்பையை ஏந்தினால் ஆலயத்தின் அடித்தளமே அசைந்துவிடும் போலும்! சில ஊர்களிலே கிறிஸ்தவர்க்கே கல்லறைத் தோட்டங்களும் சாதிவாரியாகத் தனித்தனியே உள்ளன என்பது வெளிப்படை. உயிர்த்தெழுதலை விசுவாசப் பிரமாணத்திலே ஞாயிறுதோறும் அறிக்கையிடுகின்ற நாம், எந்த மதிலைக் கடந்து எழுவோம் என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை.

துப்புரவுத் தொழிலைப்பற்றியும் ஒரு சொல். மனிதர் கையால் மலமள்ளும் இழிவை ஒழிப்பதற்கென்று நம் நாட்டிலே 1993-ஆம் ஆண்டு ஒரு சட்டமும், 2013-ஆம் ஆண்டு மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டோரின் குடும்பத்துக்கு முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று 2023-ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் குழியில் இறங்குதலும் மாளுதலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அக்குழியிலே இறங்குவோர் யாவர் என்று நாம் வினவுவதுண்டோ? அவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது ஈகை, மிக நன்று. நம் விடுதியிலோ வீட்டிலோ ஆலயத்திலோ குழி நிரம்பும்போது, மனிதனை இறக்காமல் பொறியைக்கொண்டே தூர்க்க வேண்டுமென்று நிர்வாகத்தாரிடம் சென்று கேட்பது ஒப்புரவு. முன்னதற்கு நன்றிக் கடிதம் வரும். பின்னதற்கு, 'உமக்கேன் இந்த வேலை?' என்னும் வினா வரும். அவ்வினா எழும் இடமே நம் விசுவாசம் தொடங்கவேண்டிய இடம்.

'மாணவன் கடமை கற்றல்; இவையெல்லாம் பட்டம் பெற்றபின் பார்க்கலாம்' என்று கூறும் அன்பரும் உளர். கற்றலைக் குறைத்தெண்ண நான் துணியேன். ஆனால், பட்டம் பெற்றபின் வேலை, வேலை பெற்றபின் குடும்பம், குடும்பம் நிலைபெற்றபின் சபையிலொரு பதவி, பதவியைப் பெற்றபின் அதனைக் காக்கும் கவலை என்று ஒவ்வொரு படியிலும் இழப்பதற்குரிய பொருள் பெருகுகின்றது. பட்லர் அம்மையார் மாதக்கணக்கில் தயங்கியதற்குக் காரணம் அவர்க்கு இழப்பதற்கு மிகுதியாக இருந்ததே. நம்மிடம் இழக்கத்தக்கது சிறிதாயிருக்கும் இப்பருவத்திலே பழகாத துணிவு, பெரிதாய்விட்ட பருவத்திலே தானாக வந்து பொருந்தும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? வகுப்பிலே யாரோடு அமர்கின்றோம், யார் வீட்டிலே உண்கின்றோம், நம் விடுதியைத் துப்புரவு செய்வாரை எந்தச் சொல்லால் விளிக்கின்றோம் என்பனவும் பாடங்களே. இவற்றுக்குத் தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் தருவாரில்லை.

நம் கல்லூரிகளைத் தோற்றுவித்த மிஷன் சங்கத்தார் கல்வியை ஈகையாகக் கொடுத்தனர் என்று நாம் ஆண்டுவிழாக்களில் நன்றி கூறுகின்றோம். அக்கொடை நம்மிடத்தே வந்து நின்றுவிடின் அது ஈகையாகவே முடிந்துபோகும். அதனைப் பெற்ற நாம் பிறரோடு ஒப்ப நிற்கக் கற்றுக்கொள்வோமாயின், அன்றுதான் அது அப்போஸ்தலர் கூறிய ஊழியத்தின் பங்காகும். இவ்வாண்டும் நம் மாணவர் சங்கங்கள் துணி திரட்டும், அரிசி திரட்டும், மருத்துவமனைகட்குச் சென்று பாடும். அவையெல்லாம் தொடர்க. அவற்றோடு ஒவ்வொரு சங்கமும் ஒரு வினாவையும் எழுப்புக: நாம் கொடுக்கின்ற இவர்கள் ஏன் பெறுகின்றவர்களாகவே இருந்துவருகின்றார்கள்? இதற்கு விடை தேடி எழுவோரைச் சிலர் தூற்றுவர். அவருள் நாம் மதிக்கும் பெரியோரும் இருத்தல் கூடும். அவர்களைத் திருப்பித் தூற்றாதிருப்போம். ஒப்புரவு அவர்களையும் சேர்த்தே. ஆனால், கேட்ட வினாவைத் திரும்பப் பெறாதிருப்போம். அடுத்த ஆண்டு அசனம் வரும். அகப்பை எவர் கையில் இருக்கும் என்பது நம்மைப் பொறுத்தது.